காப்பும் விலக்கும்: கருவுற்ற மகளிரும் மருத்துவ ஆய்வின் அறமும்

தமிழில் ‘காப்பு’ என்னும் சொல்லுக்குப் பொருள் பல. காத்தல் தொழிலையும், கையில் அணியும் வளையையும், இடையூறு நேராதிருக்க வேண்டி நூலின் தொடக்கத்தில் பாடப்பெறும் செய்யுளையும் அது குறிக்கும். கருவுற்ற பெண்ணுக்கு நிகழ்த்தும் சடங்கு வளைகாப்பு எனப் பெயர் பெறுகிறது. ஊர்த் திருவிழாவில் காப்புக் கட்டிக்கொண்டவர், அது அவிழ்க்கப்பெறும்வரை ஊரெல்லையைக் கடப்பதில்லை. காக்கப்படுபவர் அதனாலேயே கட்டுப்படுத்தவும் படுகிறார் என்பது இப்பிற்கூறிய வழக்கில் வெளிப்படை. ஒருவரைக் காப்பதற்கும் விலக்கி வைப்பதற்கும் இடையிலுள்ள எல்லை எது என்னும் வினா சடங்கியலுக்கு மட்டும் உரியதன்று. கருவுற்ற மகளிரை மருத்துவ ஆய்வுகளில் சேர்ப்பது அறமா, சேர்க்காது விடுவது அறமா என்னும் வடிவில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி முதலாக மருத்துவ உலகமும் அவ்வினாவை எதிர்கொண்டு வருகிறது.

பொதுமனம் இதற்குத் தயங்காமல் விடை கூறும்: வயிற்றில் உயிர் சுமப்பவளைச் சோதனைக்கு உட்படுத்தலாகாது. இவ்விடையின் பின்னே நிற்பது அருளுணர்வு என்பதில் ஐயமில்லை. ஆயின் அருளுணர்விலிருந்து பிறந்த விதி, எவர்பொருட்டுப் பிறந்ததோ அவருக்கே ஊறு விளைக்குமாயின், அதனை அறம் எனக் கொள்ளலாமா என்பது ஆராயத்தக்கது.

தாலிடோமைடு தந்த பாடம்

விலக்கும் கொள்கைக்குச் சான்றாகப் பெரிதும் காட்டப்பெறுவது தாலிடோமைடு என்னும் மருந்தின் வரலாறு. மேற்கு செருமனியில் 1957 அக்டோபரில் விற்பனைக்கு வந்த இம்மருந்து உறக்கம் தருவது, தீங்கற்றது என்று விளம்பரம் செய்யப்பட்டது. மசக்கைக் குமட்டலுக்கும் அது கொடுக்கப்பட்டது. 1961 நவம்பரில் அங்கே அது திரும்பப் பெறப்படுவதற்குள் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைவுபட்டுப் பிறந்துவிட்டன. அமெரிக்காவில் மருந்து ஒப்புதல் பணியில் இருந்த பிரான்சிஸ் கெல்சி, பாதுகாப்புக்குப் போதிய சான்று இல்லை எனக் கூறி ஒப்புதல் தர மறுத்துவந்தமையால் அந்நாடு இத்துயரிலிருந்து பெரிதும் தப்பியது.

இவ்வரலாற்றிலிருந்து உலகம் கற்றுக்கொண்டது, கருவுற்றோரைச் சோதனைகளிலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்பது. 1977இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் வெளியிட்ட வழிகாட்டுதல், கருவுற்றோரை மட்டுமன்றிக் கருத்தரிக்கும் வாய்ப்புள்ள மகளிரையே தொடக்கநிலை மருந்துச் சோதனைகளினின்றும் விலக்கியது. 1993இல்தான் அந்நிலை மாற்றப்பட்டது. உண்மையில் தாலிடோமைடு உணர்த்துவது இதற்கு நேர்மாறானது. கருவுற்ற மகளிரிடம் அம்மருந்தை முறையாக ஆராய்ந்ததால் தீங்கு நேரவில்லை; ஆராயாமலே அவர்களுக்கு வழங்கியதால் நேர்ந்தது. சில நூறு பேரிடம், கண்காணிப்போடும் கணக்கோடும் கொடுத்துப் பார்த்திருந்தால் ஊறுபட்டோர் சிலரோடு நின்றிருப்பர். அச்சிலர்க்கு நேர்ந்ததும் கொடுமையே. ஆயினும் கணக்கெடுப்பார் இல்லாத இடத்தில் அக்கொடுமை ஆயிரமாகப் பெருகிற்று.

டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கை இயக்குநீரின் வரலாறு இன்னும் சிக்கலானது. கருச்சிதைவைத் தடுக்கும் என நம்பி இது பரவலாக வழங்கப்பட்டது. சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனையில் 1,600க்கும் மேற்பட்ட மகளிரிடம் நிகழ்ந்த ஆய்வு, இம்மருந்தால் பயனில்லை என்று 1953இலேயே காட்டியது. அம்முடிவைப் பொருட்படுத்தாது மேலும் பல ஆண்டுகள் மருத்துவர்கள் அதனைக் கொடுத்து வந்தனர். தாயின் வயிற்றில் இருந்தபோது இம்மருந்துக்கு ஆட்பட்ட மகளிர்க்கு இளமையிலேயே அரிய புற்றுநோய் தோன்றுவது 1971இல் கண்டறியப்பட்டது. இங்கே இரு பிழைகள் பின்னிக் கிடக்கின்றன. ஆய்வு நடந்தது, ஆனால் தாம் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்பதே அம்மகளிர்க்குச் சொல்லப்படவில்லை. உண்மை தெரிந்தது, ஆனால் அது நடைமுறைக்கு வரவில்லை. விலக்காமல் சேர்ப்பது மட்டுமே அறமாகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கணக்கில் வாராத சோதனை

சோதனையிலிருந்து விலக்கப்பட்ட பெண் மருந்திலிருந்து விலக்கப்படுவதில்லை என்பது இச்சிக்கலின் உயிர்நிலை. கருவுற்றோர்க்கும் காய்ச்சல் வரும், வலிப்பு வரும், சிறுநீரக நோய் இருக்கும். மருத்துவர் ஏதேனும் ஒரு மருந்தை எழுதித்தான் ஆகவேண்டும். எந்த மருந்து, எவ்வளவு என்பதற்கு அவரிடம் உள்ள அறிவு பெரும்பாலும் பிறர் உடலிலிருந்து பெறப்பட்டது.

அவ்வறிவு கருவுற்ற உடலுக்குப் பொருந்துவதில்லை என்பதைச் சிறுநீரகமே காட்டும். கருவுற்ற சில வாரங்களிலேயே சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் அளவு கூடத் தொடங்கி, இயல்பைவிட ஏறத்தாழப் பாதி மிகுகிறது. அதனால் இரத்தத்தில் கிரியேட்டினின் குறைகிறது. மற்றொரு பெண்ணுக்கு இயல்பு எனக் கருதப்படும் கிரியேட்டினின் அளவு, கருவுற்றவளிடம் காணப்படின் நோயின் அறிகுறியாகலாம். சிறுநீரில் வெளியேறும் மருந்துகள் விரைந்து வெளியேறிவிடுதலால் வழக்கமான அளவு போதாமற் போகவும் கூடும். ஒரே எண், ஓருடலில் நலத்தையும் மற்றோருடலில் நோயையும் குறிக்கிறது.

சிறுநீரக நோயுள்ள பெண் கருவுறும்போது நிலைமை மேலும் கடினமாகிறது. எனாலாப்ரில் போன்ற மருந்துகள் சிறுநீரில் புரதம் கசிவதைக் குறைத்து நோய் முற்றுவதைத் தாமதப்படுத்துகின்றன. அவையே கருவுற்ற காலத்தின் பிற்பகுதிகளில் கொடுக்கப்பட்டால் கருவின் சிறுநீரகத்தைக் கெடுத்துப் பனிக்குட நீரை வற்றச் செய்கின்றன. தாயின் சிறுநீரகத்தைக் காக்கும் மருந்து சேயின் சிறுநீரகத்தை அழிக்கிறது. அம்மருந்தை நிறுத்தியபின் அவளுக்கு எதனைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, அது அவள் சிறுநீரகத்தை எத்துணைக் காலம் காக்கும் என்னும் வினாக்களுக்குச் சான்று குறைவு. கருவுற்றவள் என்பதால் சிறுநீரக ஆய்வுகள் அவளைச் சேர்ப்பதில்லை. சிறுநீரக நோயாளி என்பதால் மகப்பேற்று ஆய்வுகள் பலவும் அவளைத் தவிர்க்கின்றன.

இந்திய விதியும் இதனையே வழிமொழிகிறது. 2005இல் திருத்தி அமைக்கப்பெற்ற ஒய் அட்டவணையும், பின்னர் வந்த 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளும், கருவுற்ற அல்லது பாலூட்டும் மகளிர்க்கோ அவர்தம் சேய்க்கோ உரிய மருந்தாக இருந்தால் மட்டுமே, பிறரிடம் பெற்ற தரவு பொருந்தாத நிலையில் மட்டுமே, அவர்களைச் சோதனையில் சேர்க்கலாம் என்கின்றன. சிறுநீரக மருந்து எதுவும் கருவுற்றோர்க்கென ஆக்கப்படுவதில்லை. ஆகவே விதி எழுத்தளவில் காக்கப்படுகிறது, பெண் காக்கப்படுவதில்லை. கொரோனாக் கொள்ளைநோயின்போதும் இதுவே நிகழ்ந்தது. 2020இன் முதன்மைத் தடுப்பூசிச் சோதனைகளில் கருவுற்றோர் சேர்க்கப்படவில்லை. இந்தியாவில் 2021 சனவரியில் தடுப்பூசித் திட்டம் தொடங்கிற்று. கருவுற்றோர்க்கு அது அனுமதிக்கப்பட்டது சூலையில். இடையில் இரண்டாம் அலை வந்து போயிற்று.

அச்சம் சான்றாக நின்ற இன்னொரு நிகழ்வும் உண்டு. கருவுறுமுன்பே மிதமான இரத்த அழுத்த நோய் உடையவர்க்கு மருந்து கொடுத்தால் குழந்தையின் வளர்ச்சி குன்றும் எனக் கருதி, மருத்துவர் பலர் நெடுங்காலம் கொடுக்காதிருந்தனர். 2022இல் வெளிவந்த, 2,408 மகளிர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வு, மருந்து பெற்றவரிடம் கடுமையான விளைவுகள் 37 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காடாகக் குறைந்ததையும், வளர்ச்சி குன்றிய குழந்தைகள் குறிப்பிடத்தக்க அளவில் மிகாததையும் காட்டியது.

ஐயத்தின் இடம்

பெயருக்கும் வினைக்கும் பால் தெரியாத இடத்தில் துணிந்து ஒருமைப்பால் கூறாது பன்மையாற் கூறுமாறு தொல்காப்பியக் கிளவியாக்கம் விதிக்கிறது. ஐயத்தை ஐயமாகவே சொல்லவேண்டும் என்பது இலக்கண மரபு. மருத்துவ ஆய்வின் அறமும் ஏறத்தாழ இவ்விடத்திலேயே தொடங்குகிறது. இரு மருத்துவ முறைகளுள் எது சிறந்தது என்பதில் துறையறிந்தோரிடையே மெய்யான ஐயம் நிலவும்போது மட்டுமே, ஒரு சாராருக்கு ஒன்றும் மறுசாராருக்கு மற்றொன்றும் கொடுத்து ஒப்பிடுதல் முறையாகும் என்பது 1987இல் பெஞ்சமின் பிரீட்மன் விளக்கிய கருத்து. ஐயமில்லாத இடத்தில் ஒப்பிடுதல் தவறு. ஐயமுள்ள இடத்தில் துணிந்தவர் போல நடிப்பதும் தவறே. இவ்விரண்டாம் தவறு அத்துணை எளிதில் கண்ணுக்குப் புலப்படாது.

சூல்வலிப்பு இதற்கு ஒரு சான்று. இரத்த அழுத்தம் மிகுந்து, சிறுநீரில் புரதம் கசிந்து, முற்றிய நிலையில் தாய்க்கு வலிப்பு வரும் இந்நோய்க்கு மக்னீசியம் சல்பேட்டே உகந்தது என அமெரிக்க மருத்துவரும், டையசிபாம், பெனிட்டாயின் முதலியனவே ஏற்றவை எனப் பிரிட்டானிய மருத்துவரும் நெடுங்காலம் துணிந்து கூறிவந்தனர். இரு சாராரும் தத்தம் துணிவின்படியே மகளிர்க்கு மருந்து கொடுத்தனர். 1995இல் இந்தியா உள்ளிட்ட நாடுகளில் 1,687 மகளிர் பங்கேற்ற ஆய்வு அவ்வழக்கைத் தீர்த்தது: மக்னீசியம் பெற்றவர்க்கு மீண்டும் வலிப்பு வருவது, டையசிபாம் பெற்றவரைவிடப் பாதிக்கும் குறைவாக இருந்தது. 2002இல் 33 நாடுகளில் 10,141 மகளிரிடம் நிகழ்ந்த மற்றோர் ஆய்வு, வலிப்பு வருமுன்பே கொடுத்தால் அது வரும் வாய்ப்புப் பாதிக்கு மேல் குறையும் எனக் காட்டியது. மக்னீசியம் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவது. சிறுநீரகம் தளர்ந்தவளிடம் அது தேங்கி மூச்சை நிறுத்திவிடக்கூடும். சிறுநீரின் அளவையும் முழங்கால் அனிச்சையையும் மூச்சையும் கவனித்தே இதனைப் பாதுகாப்பாகக் கொடுக்க முடியும் என்பதும் இவ்வாய்வுகளால் உறுதிப்பட்டது. ஆய்வுக்கூட வசதியற்ற சிற்றூர் மருத்துவமனைக்கு இது பேருதவி.

ஆயினும் மக்னீசியம், ஆய்வுக்குச் சாதகமான எளிய சான்று. கடினமான சான்று ஸ்டீராய்டு ஊசி. குறைமாதப் பேறு நேரவிருக்கும் தாய்க்கு அதனைக் கொடுத்தால் குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சியடையும் என்பதை நியூசிலாந்தின் இலிக்கின்சும் ஓவியும் 1972இல் வெளியிட்டனர். அடுத்த இருபதாண்டுகளில் மேலைநாடுகளில் அது நிலைபெற்றது. ஏழை நாடுகளின் சிற்றூர்களிலும் இதனைக் கொண்டு சேர்த்தால் பல்லாயிரம் குழந்தைகள் பிழைக்கும் என எண்ணுவது இயல்பே. அர்சென்டீனா, குவாத்தமாலா, இந்தியா, கென்யா, பாக்கித்தான், சாம்பியா ஆகிய ஆறு நாடுகளில், ஏறத்தாழ ஓரிலட்சம் பிறப்புகளை உள்ளடக்கி, ஊர்த்தொகுதிகளை அலகாகக் கொண்டு அவ்வெண்ணம் ஆராயப்பட்டது. இந்தியப் பகுதி பெலகாவியிலும் நாகபுரியிலும் நடந்தது. 2015இல் வெளிவந்த முடிவு எவரும் எதிர்பாராதது. சிறு குழந்தைகளின் இறப்புக் குறையவில்லை. ஊசி பரப்பப்பட்ட ஊர்களில் மொத்தப் பச்சிளங்குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 23.9இலிருந்து 27.4ஆக மிகுந்திருந்தது. தாய்மாரிடம் தொற்று ஐயப்படும் நிலையும் கூடியிருந்தது. கருவின் மாதம் சரியாகக் கணிக்கப்படாத இடங்களில், நிறைமாதக் குழந்தையைச் சுமந்தோர் பலரும் ஊசி பெற்றிருந்தனர்.

இந்த ஆயிரத்துக்கு மூன்றரையை எவ்வாறு எடைபோடுவது? அவ்வாய்வு நடந்திராவிட்டால் அக்குழந்தைகள் பிழைத்திருக்கக் கூடும் என்பது மெய். ஆய்வின்றித் திட்டமாகவே அவ்வூசி எல்லா ஊர்களுக்கும் சென்றிருந்தால் அதே மூன்றரை எங்கும் நிகழ்ந்திருக்கும் என்பதும், அதனை எவரும் அறிந்திருக்க மாட்டார் என்பதும் மெய். பச்சிளங்குழந்தைகள் மிகுதியாக இறக்கும் ஊரில் ஆயிரத்துக்கு மூன்று இறப்புகள் கூடுவதை எந்தத் தாதியின் அனுபவமும் காணாது. இரண்டாம் கூற்றே வலிமையுடையது. ஆனால் அக்கூற்று முதற்கூற்றை அழித்துவிடுவதில்லை. பெரும்பான்மையின் நன்மை, இழந்த ஒரு தாயின் இழப்பைச் சமன்செய்கிறது என்று கூறும் கணக்கு, அறக்கணக்கு ஆகாது.

இவ்வையத்தைத் தீர்க்க 2020இல் மற்றோர் ஆய்வு வந்தது. உலக நலவாழ்வு அமைப்பின் வழியே இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில், வசதியுள்ள மருத்துவமனைகளில், கருவின் மாதத்தை நுண்ணொலி வழியே உறுதிசெய்து, 2,852 மகளிரிடம் அது நிகழ்த்தப்பட்டது. ஊசி பெற்றோர் குழந்தைகளில் 19.6 விழுக்காடும், மருந்தற்ற ஊசி பெற்றோர் குழந்தைகளில் 23.5 விழுக்காடும் இறந்தன. பயன் தெளிவானதால் ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. மேலைநாடுகளில் ஐயமற்றதாகிவிட்ட ஒன்றை இங்கே மருந்தற்ற ஊசியோடு ஒப்பிட்டது தகுமா என வினவுவோர் உளர். 2015இன் முடிவுக்குப் பின் அவ்வையம் மெய்யானது என்பதே அதற்கு விடை. ஐயம் கூட இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. ஆக்லாந்தில் தீர்ந்தது நாகபுரியில் தீர்ந்ததாகாது.

ஆய்வே ஊறு செய்த நிகழ்வுகளையும் மறைத்தல் ஆகாது. வளர்ச்சி குன்றிய கருவுக்குச் சில்டெனாபில் உதவுமா என ஆராய்ந்த நெதர்லாந்துச் சோதனை, மருந்து பெற்றோர் குழந்தைகளில் நுரையீரல் கோளாறும் அதனால் இறப்பும் மிகுந்ததாகக் கண்டு 2018 சூலையில் நிறுத்தப்பட்டது. கண்காணிப்பு இருந்தமையால்தான் அது நிறுத்தப்பட்டது என்பது சரியே. அதற்குமுன் குழந்தையை இழந்த தாய்க்கு அவ்விளக்கம் ஆறுதலாகுமா என்பது வேறு.

இசைவு யாருடையது, எம்மொழியில்

ஊறு நேரக்கூடும் என்பது உறுதியானால், அதனை ஏற்பதா மறுப்பதா எனத் தீர்மானிக்க வேண்டியவர் யார்? மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் கூறும் திருக்குறள் நோயுற்றவரை அவற்றுள் முதலாக வைத்தது. மருந்தைப் பெறுபவராக மட்டும் அல்லாமல் மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே வைத்தது. நடைமுறையில் கருவுற்ற பெண்ணின் சார்பில் கணவரும் மாமியாரும் மருத்துவரும் பேசுகின்றனர். 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்சநீதிமன்றம், தன்னுணர்வோடு முடிவெடுக்கும் ஆற்றலுள்ள பெண் மயக்க மருந்தின் பிடியில் இருக்கையில் அவள் தாயிடம் பெற்ற ஒப்புதல் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அது சிகிச்சை பற்றிய வழக்கு. ஆய்வுக்கும் அதன் நெறி பொருந்தும். அமெரிக்க விதிமுறைகள் கருவுற்றோரை எளிதில் வற்புறுத்தலுக்கு ஆளாவோர் பட்டியலில் நெடுங்காலம் வைத்திருந்து, அண்மைய திருத்தத்தில் நீக்கின. கருவுறுதல் அறிவைக் குறைப்பதன்று. பெண்ணை எளியளாக்குவது அவள் வயிறன்று. வறுமையும், எழுத்தறிவின்மையும், இலவச மருத்துவத்துக்கு வேறு வழியின்மையும் ஆகும். இவை ஆணுக்கும் உண்டு.

இந்தியாவில் சோதனைகளின்போது நேர்ந்த இறப்புகள் பற்றிய பொதுநல வழக்கில் 2013இல் உச்சநீதிமன்றம் தலையிட்டபின், இசைவு பெறும் நிகழ்வை ஒளிஒலியாகப் பதிவுசெய்யும் நடைமுறை வந்தது. அவ்வாண்டு சேர்க்கப்பட்ட இழப்பீட்டு விதி, பெற்றோர் சோதனையில் பங்கேற்றதால் வயிற்றிலுள்ள சேய்க்கு நேரும் ஊறும் இழப்பீட்டுக்குரியது என்றது. சேர்ப்பதற்குத் தயங்கும் சட்டமே, சேர்த்தால் நேரக்கூடியதை முன்னுணர்ந்து பொறுப்பு வகுத்திருப்பது நோக்கத்தக்கது.

பதிவுக்கருவி, கையொப்பம் இடப்பட்டதைக் காட்டும். பொருள் விளங்கியதைக் காட்டாது. பங்கேற்பவர் அறிந்த மொழியில் இசைவுப் படிவம் இருக்கவேண்டும் என விதி கூறுகிறது. தமிழ்ப் புலமை உலகம் கருத்துச் செலுத்த வேண்டிய இடம் இது. ‘பரிசோதனை’ என்னும் சொல்லைக் கேட்கும் சிற்றூர்ப் பெண், இரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்ப்பதாகவே கொள்வாள். தன் நோயை அறிவதற்கான செயல் என எண்ணுவாளேயன்றி, மருந்தை அறிவதற்கான செயல் என எண்ணமாட்டாள். ‘ஆராய்ச்சி’ என்றால் அது படித்தவர் அறைக்குள் செய்வது. ‘போலி மருந்து’ என்று எழுதினால் கலப்படக்காரர் விற்கும் கள்ள மருந்து என்றே அவள் அஞ்சுவாள். ‘மருந்துப்போலி’ என மாற்றினால் ஒன்றும் விளங்காது. ‘சமவாய்ப்பு முறையில் பகுத்தல்’ என்பது புள்ளியியல் பாடநூலுக்கு ஏற்ற தொடர். ‘சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல’ என்றால் எழுத்தறியாதவரும் உடனே புரிந்துகொள்வர். புரிந்துகொண்டால் மறுக்கவும் கூடும் என்னும் அச்சம், கடுஞ்சொற்களைப் படிவங்களில் நிலைபெறச் செய்கிறதோ என ஐயுற இடமுண்டு.

‘இந்த ஊசிகளில் ஒன்றில் மருந்து உண்டு, மற்றொன்றில் இல்லை, உங்களுக்கு எது வரும் என்பது எங்களுக்கும் தெரியாது, எது நல்லது என்பதும் எங்களுக்கு இன்னும் தெரியாது, வேண்டாம் என்றாலும் உங்களுக்கு உரிய மருத்துவம் குறையாது.’ பிள்ளைப்பேற்று நோவு எடுத்துக் கட்டிலில் கிடப்பவளிடம் இதனைச் சொல்வது கடினம். ஆறாம் திங்களில், மாதாந்தரச் சோதனைக்கு வந்து மரநிழலில் காத்திருப்பவளிடம், அவள் மாமியாரும் உடனிருந்து கேட்க, சொல்வது எளிது. அவள் இரண்டு முறை கேள்வி கேட்பாள். வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறேன் என்பாள்.